ஊமைக் கேசட்

வளைகுடாவிலிருந்து எங்கள் ஊருக்கு வந்திறங்கிய சாமான்களுக்குள் மேல்தட்டு, கீழ்த்தட்டு எல்லாம் உண்டு. டைகர் பாம், டாங் பொடி, நிடோ டின் போன்றவை அக்கம்பக்கத்துக்குப் பங்கு வைக்க. கைலியும் அத்தரும் நெருங்கிய சொந்தக்காரர்களுக்கு. நேஷனல் பானசோனிக் டேப்ரெக்கார்டர் மட்டும் யாருக்கும் கிடையாது, அது வீட்டுக்கு. பூப்போட்ட துணியில் அதற்கு உறை தைத்து அலமாரியின் மேல் வைத்திருப்பார்கள். கல்யாண வீட்டுக்கு இரவல் கேட்டு வருபவர்களிடம் ‘பெல்ட் அறுந்து கெடக்கு’ என்று பொய் சொல்வதில் என் உம்மாவுக்கு எந்தக் கூச்சமும் இருந்ததில்லை.

தேங்காய்ப்பட்டணத்தை வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விதமாக அடையாளம் சொல்வோம். குழித்துறையாறு என்று நாங்கள் அழைக்கும் மேற்குத் தாமிரபரணி கடலில் சேரும் இடம். தோப்பில் முகமது மீரானின் ஊர். 1997இல் ‘சாய்வு நாற்காலி’க்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்த பிறகு இரண்டாவது அடையாளம்தான் அதிகம் எடுபட்டது. ஆனால் மீரான் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில் எழுதியது நாங்கள் பிறப்பதற்கு முந்தைய ஊர். எங்கள் ஊர் ஆண்கள் இல்லாத ஊர். எழுபதுகளின் கடைசியில் பாதி ஆண்கள் பம்பாய் வழியாக விமானம் ஏறிவிட்டார்கள். என் வாப்பா 1979இல் போனார். சவூதியில், தம்மாமில், தண்ணீர் லாரி ஓட்டினார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. 2005 வரை அப்படித்தான்.

உம்மாவுக்கு ஓதத் தெரியும். தமிழோ மலையாளமோ வாசிக்கத் தெரியாது. வாப்பா கடிதம் எழுதினால் அதை யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். பதிலை யாராவது எழுதித் தர வேண்டும். பக்கத்து வீட்டில் எட்டாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி எங்கள் தெரு முழுவதற்கும் வாசகியாகவும் எழுத்தராகவும் இருந்தாள். எந்த வீட்டில் எவ்வளவு கடன், எவளுக்கு மாமியாரோடு என்ன மனத்தாங்கல் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். புருஷன் பெண்டாட்டிக்கு எழுதக்கூடிய ஒரு சொல்லையும் யாரும் எழுதவில்லை. எழுதினால் அந்தப் பெண் வாசிக்கும்போது சிரித்துவிடுவாள்.

கேசட் வந்ததும் இந்த நடுவாளுக்கு வேலை போயிற்று. லீவில் வருபவர் கையில் இரண்டு கேசட் கொடுத்துவிடுவார்கள். ஒன்றில் பேச்சு, மற்றொன்று பதிலுக்கு, வெறும் கேசட். உம்மா கதவைச் சாத்திக்கொண்டு கேட்பாள். நாங்கள் வெளியே. பிறகு எங்களைக் கூப்பிட்டு, பிள்ளைகளுக்கான பகுதியை மட்டும் போட்டுக் காட்டுவாள். பிலிப்ஸ் நிறுவனம் இந்தச் சின்னக் கேசட்டை 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் வெளியிட்டபோது அதை முக்கியமாகப் பேச்சைப் பதிவு செய்யும் கருவியாகத்தான் நினைத்தார்கள். சட்டைப்பையில் போகவேண்டும் என்பதற்காக லூ ஓட்டன்ஸ் முதலில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிப் பையில் போட்டுப் பார்த்தார் என்பார்கள். பாட்டு பிறகு வந்துசேர்ந்தது. ஆகவே எங்கள் தெருப் பெண்கள் அதை அது செய்யப்பட்ட காரியத்துக்கே பயன்படுத்தினார்கள் என்று சொல்லலாம். 60 நிமிடக் கேசட்டில் ஏறக்குறைய 90 மீட்டர் நாடா, விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். எழுத்தறியாத ஒரு பெண்ணுக்கு அந்த 90 மீட்டர் எவ்வளவு பெரிய இடம் என்பதை வளைகுடாவைப் பற்றி எழுதியவர்கள் போதுமான அளவு எழுதவில்லை என்பது என் குறை. மலையாளத்தில் எஸ்.ஏ. ஜமீல் எழுதிய ‘துபாய் கத்து பாட்டு’ புகழ்பெற்றது, மனைவி புருஷனுக்கு எழுதும் கடிதமாகவே அமைந்தது. அதுவும் கடிதம்தான். கேசட்டுக்கு யாரும் பாட்டு எழுதினதாகத் தெரியவில்லை.

இனி கார்.

வாப்பா ஊருக்குத் திரும்பிய அடுத்த வருடம், 2006இல், மார்த்தாண்டத்தில் ஒரு டாக்டரிடமிருந்து பழைய கார் ஒன்றை வாங்கினார். 2001 மாடல், வெள்ளை நிறம். இருபத்தாறு வருடம் அடுத்தவன் லாரியை ஓட்டியவருக்குச் சொந்தத்தில் ஒரு வண்டி. அதில் கம்பெனியே பொருத்தி அனுப்பிய ஸ்டீரியோ இருந்தது. ரேடியோவும் கேசட்டும் மட்டும். பொதுவாகக் கார் செட்டுகளுக்கு ஜெர்மன்காரன் வகுத்த ஓர் அளவு உண்டு, 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். எந்தக் கடையில் எந்தச் செட் வாங்கினாலும் அந்த ஓட்டையில் உட்கார்ந்துவிடும். இந்தச் செட் அப்படியில்லை. டேஷ்போர்டின் வளைவோடு சேர்த்து வார்த்தது, ஏசி திருகிகளும் அதோடு ஒட்டி வரும். அதை எடுத்தால் வண்டியின் முகமே போய்விடும். வாப்பாவுக்கு அதுதான் பெருமை. ‘இது கடையில வாங்கி வச்சது இல்ல, வண்டி பொறந்தப்பவே உள்ளது’ என்று ஏறுகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். நாகூர் ஹனிபாவின் கேசட்டுகள் பதினைந்து, இருபது இருந்தன. ஹனிபாவின் குரல் மைக் இல்லாமலே ஊர் கேட்கும் குரல், ஒரு சின்னக் காருக்குள் அது திணறும். வாப்பா கண்ணாடியை இறக்கிவிட்டு, வலதுகை ஸ்டியரிங்கில், இடதுகை செட்டின் திருகியில் என்று, கூடவே பாடிக்கொண்டு ஓட்டுவார்.

2009 பிப்ரவரியில் பக்கவாதம் வந்தது. வலதுகை, வலதுகால், கூடவே பேச்சு. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. கை பாதிதான் திரும்பியது. பேச்சு வரவில்லை. நாம் சொல்வது புரியும், தலையாட்டுவார், கோபம் வரும். ஆனால் சொல் வராது. ‘அது... அது...’ என்ற ஒன்றுதான். தண்ணீருக்கும் அது, எனக்கும் அது, அல்லாவுக்கும் அது. 1861இல் பாரீஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளிக்கு ‘டான்’ என்ற ஒலி மட்டும்தான் மிச்சமிருந்தது. ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயரே டான் என்று ஆகிவிட்டிருந்தது. இறந்தபின் மூளையைப் பார்த்தபோது இடதுபக்க முன்பகுதியில் சேதம். பேச்சின் இடம் அது என்று புரோக்கா காட்டினார். இதைப் படித்த இரவு எனக்கு ஓர் அற்ப ஆறுதல் கிடைத்தது. நூற்றைம்பது வருடமாகத் தெரிந்த ஒன்றுதான் எங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது என்று.

வாரத்தில் இரண்டு நாள் திருவனந்தபுரத்துக்குப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போவோம். பயிற்சி தந்த பெண், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, மூன்றாவது வாரம் கேட்டாள். ‘அங்கிள் பாடுவாரா?’ பேச முடியாதவர்கள் சிலருக்குப் பாட்டின்மேல் ஏறிச் சொல் வெளியே வரும், பாட்டுக்கு மூளையின் வலதுபக்கமும் உதவுகிறது என்பார்கள் என்றாள். பிறகு தேடிப் பார்த்தேன். 18ஆம் நூற்றாண்டிலேயே சுவீடனில் ஓலோஃப் டாலின் என்பவர், பேச்சிழந்த ஒருவர் துதிப்பாடல்களைப் பாடியதைக் குறித்து வைத்திருக்கிறார். அதை ஒரு சிகிச்சை முறையாக அமெரிக்காவில் பாஸ்டன் மருத்துவர்கள் 1973இல் ஆக்கினார்கள். எல்லோருக்கும் பலிக்காது, யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது என்பதையும் அந்தப் பெண் மறைக்கவில்லை. ‘தெரிஞ்ச பாட்டு, அவரோட சேர்ந்து யாராவது பாடணும். ஹெட்போன்ல கேட்டா பலனில்ல.’

வாப்பா வீட்டில் பாட்டுக் கேட்க உட்காரமாட்டார். டேப்ரெக்கார்டரை வைத்தாலே எழுந்து போய்விடுவார். அவர் அசையாமல் இருக்கும் ஒரே இடம் கார்தான். புதுக்கடை, குழித்துறை, களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று போக ஒன்றரை மணிநேரம், திரும்ப ஒன்றரை மணிநேரம். நான் ஓட்ட, வாப்பா இடதுபக்கம் முன்சீட்டில், உம்மா பின்னால். அந்த மூன்று மணிநேரத்தை விட்டால் வேறு நேரம் கிடையாது என்று எனக்குத் தோன்றிவிட்டது.

ஹனிபா கேசட்டுகளை எடுத்தோம். கடல்காற்று அவற்றைத் தின்றிருந்தது. நாடா முழுக்க வெள்ளைப் பூசணம், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. போட்ட முதல் கேசட்டையே செட் மென்றுவிட்டது. அதைப் பிடுங்கி எடுக்க அரைமணிநேரம். துபாயிலிருந்த காக்கா ஒரு ஐபாட் நானோ கொடுத்தனுப்பினான். அதில் ஹனிபாவின் பாட்டுகள் அறுபதோ எழுபதோ, சுத்தமான பதிவாகத் தேடி ஏற்றியிருந்தான். உள்ளங்கையில் பாதிகூட வராத சாதனம். அடியில் 3.5 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று. பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பெண்கள் செருகிச் செருகி எடுப்பார்களே, அந்தப் பிளக்கின் பேரப்பிள்ளை அது. பாட்டு இந்த ஓட்டைவரை வந்து நின்றது. செட்டில் ஓட்டை இல்லை.

‘அந்தப் பாட்டச் செட்டை எடுத்து வீசு’ என்றான் காக்கா போனில். ‘நான் பைசா அயக்கியேன். தொட்டா ஓடுத ஸ்கிரீனுள்ளது வாங்கி வை.’

மார்த்தாண்டத்தில் கடைக்காரன் டேஷ்போர்டை அளக்க அளவுநாடாவோடு குனிந்தான். முன்சீட்டிலிருந்த வாப்பா, முடியாத வலதுகையைத் தாண்டி, உடம்பைத் திருப்பி, இடதுகையைக் கொண்டுவந்து செட்டின்மேல் வைத்தார். எடுக்கவில்லை. கடைக்காரன் சிரித்துக்கொண்டே கையை மெல்ல விலக்கப் பார்த்தான். வாப்பா ‘அது’ என்றார். அந்தச் சமயத்தில் அவருக்குச் சொந்தம் என்று என்ன மிச்சமிருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். சாப்பாட்டு நேரம் எங்களுடையது, குளிக்கும் நேரம் எங்களுடையது, பேசுவது முழுக்க நாங்கள். கடைக்காரனுக்கு வந்த செலவுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். செட் இருக்கும், பாட்டும் வரவேண்டும். அதுதான் கணக்கு.

முதலில் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர். சிகரெட் லைட்டர் குழியில் செருகிவிட்டால் ஐபாட் ஒரு குட்டி வானொலி நிலையமாகிவிடும், செட்டின் ரேடியோ அதைப் பிடித்துக்கொள்ளும். நல்ல யோசனைதான், நீங்கள் நிலையங்கள் குறைந்த ஊரில் இருந்தால். நாங்கள் இரண்டு மாநிலங்களின் வாசலில் இருந்தோம். ஊரில் புறப்படும்போது நாகர்கோவில் வானொலி 101இல் நிற்கும். களியக்காவிளை நெருங்க நெருங்க அனந்தபுரி 101.9இல் எழும். திருவனந்தபுரத்துத் தனியார் நிலையங்கள் 92.7, 93.5, 94.3, 98.3 என்று வரிசையாக வரும். காலியாக இருந்த இடத்தில் ஹனிபாவை வைத்தால் பாறசாலைவரை பிழையில்லை. பிறகு ஏதோ ஒரு நகைக்கடை விளம்பரம் வந்து நடுவில் உட்காரும். ஏஎம் ஆக இருந்தால் இரண்டும் கலந்து கேட்கும். எஃப்எம்முக்கு அந்தக் குணம் இல்லை. வலுவானது வந்தால் மெலிந்ததை அப்படியே விழுங்கிவிடும். கையடக்க டிரான்ஸ்மிட்டருக்கு அனுமதிக்கப்பட்ட சக்தி மிக மிகக் குறைவு, நிலையங்களோ கிலோவாட் கணக்கு. ஒரு வளைவில் ஹனிபா, அடுத்த வளைவில் மலையாள ரேடியோ ஜாக்கியின் சிரிப்பு. வாப்பா இரண்டு தடவை செட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்தது கேசட் அடாப்டர். கேசட் வடிவத்திலேயே இருக்கும், வால்போல ஒரு வயர். நாடா கிடையாது. நாடா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குட்டிக் காந்தத் தலை. ஐபாடின் மின்சாரம் அதில் காந்தப்புலமாக மாறும், எதிரே இருக்கும் செட்டின் தலை அதை நாடாவில் உள்ள பாட்டு என்று நம்பிவிடும். எனக்கு மிகவும் பிடித்த தந்திரங்களில் ஒன்று இது. பழைய கருவியிடம் அதற்குத் தெரிந்த மொழியிலேயே பேசுவது. எங்கள் செட் ஆட்டோ ரிவர்ஸ். நாடா முடிந்துவிட்டது என்று சக்கரத்தின் இழுவையை வைத்துக் கண்டுபிடித்துத் தானே மறுபக்கம் திரும்பும். அடாப்டரின் பல்சக்கரங்களின் இழுவை அதற்குச் சரியாகப் படவில்லை. டக்கென்று திரும்பும், நாலு விநாடியில் மறுபடி டக். கடைசியில் வெளியே துப்பிவிடும். இரண்டு வேறு கம்பெனி அடாப்டர்களையும் துப்பியது. (புதிய கார்களில் ஆலையிலேயே கேசட் செட் வைத்து அனுப்புவது அமெரிக்காவில் 2010 லெக்சஸ் மாடல் ஒன்றோடு முடிந்தது என்கிறார்கள். அங்கே அடாப்டர்களை எப்படி உட்கார வைத்தார்களோ.)

அப்புறம்தான் குழித்துறையில் டிவி, ரேடியோ ரிப்பேர் செய்யும் ஓர் அண்ணனிடம் போனேன். ஐம்பது வயது, கடை முழுக்கப் பிக்சர் டியூப் டிவிகளின் பிணங்கள். செட்டை முன்னாலிருந்து பார்த்துவிட்டு, டார்ச் அடித்து இடுக்கு வழியாகப் பார்த்தார்.

‘பொறத்த சிடி சேஞ்சருக்கு ஒரு சாக்கெட் உண்டு. ஆனா சும்மா வயரைக் கொடுத்தா இது கேக்காது. எதிர்ல சேஞ்சர் இருக்கா, இல்லியாண்ணு முதல்ல விசாரிக்கும். பதில் சொல்லதுக்கு ஒரு பெட்டி வெளிநாட்டுல கெடைக்கும், நமக்கு அது வேண்டாம்.’

‘பின்ன?’

‘உள்ள ஏத்தணும். தலையிலேருந்து வாற சிக்னல் மில்லிவோல்ட்டுல கூட பாதிதான் இருக்கும். உங்க இந்தச் சாமானம் அதைவிட ஆயிரம் மடங்கு தரும். அதை அங்க கொடுத்தா ஒப்பாரி வைக்கும். ப்ரீ ஆம்ப் ஐசி தாண்டி, வால்யூமுக்கு முன்ன, ரெண்டு சேனலிலயும் ஒவ்வொரு ரெசிஸ்டர் போட்டுக் கொடுக்கணும். செட்டுக்கு நாம கேசட்டுதான் பாடுதுண்ணு விசாரம் வரணும். அதுக்கு ஒரு கேசட் ஓடிட்டே இருக்கணும். ஊமைக் கேசட்.’

அதற்குள் ஒரு தடை. செட்டைக் கழற்றினால் மின்சாரம் போகும். மின்சாரம் போனால் மறுபடி உயிர் கொடுக்கும்போது நாலு இலக்க ரகசிய எண் கேட்கும், திருட்டுக்கு எதிரான ஏற்பாடு. தவறாகக் கொடுத்தால் பூட்டிக்கொள்ளும். எண் எழுதிய அட்டை வண்டிப் புத்தகத்தோடு இருக்கவேண்டும், இல்லை. விற்ற டாக்டர் வெளிநாடு போய்விட்டிருந்தார்.

‘கோடு இல்லாம நான் கழத்த மாட்டேன் தம்பி. நாளைக்குச் செத்துப்போச்சுண்ணா பாய்க்க முகத்துல எப்படி முழிக்க?’

பின்சீட்டிலிருந்து உம்மா சொன்னாள். ‘அவியளுக்குத் தெரியும். பேட்டரி மாத்தின நேரமெல்லாம் அவியதானே அமுக்குனாவ.’

‘உம்மா, வாப்பாவால ஒரு நம்பர் சொல்ல முடியுமா?’

‘சொல்லாண்டாம் மோனே. அமுக்குனாப் போருமே.’

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வாப்பாவைப் பார்த்தேன். வாப்பா தலையாட்டினார். ஆனால் அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். முதலில் ஒரு ஒத்திகை பார்ப்போம் என்று, ஓடிக்கொண்டிருந்த செட்டை அணைத்துவிட்டு, எண்ணை அமுக்கிக் காட்டச் சொன்னோம். அந்தச் செட்டில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு பொத்தான், இலக்கம் எத்தனையோ அத்தனை தடவை அமுக்க வேண்டும். வாப்பா உடம்பைத் திருப்பி இடதுகையைக் கொண்டுவந்தார். விரல் பொத்தான்களின்மேல் நின்றது. ஒன்றை அமுக்கினார், எடுத்தார். வேறொன்று. பிறகு கையைத் தொடையில் போட்டுக்கொண்டு வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டார். கண் நனைந்திருந்தது.

‘இந்தப் பக்கம் இருந்தா எப்படிம்மா வரும்?’ என்றாள் உம்மா. என்னிடம் அல்ல, பொதுவாக. ‘ஓட்டுத பக்கத்துல இருத்துங்க.’

நானும் அண்ணனும் தாங்கி, வாப்பாவைச் சுற்றி அழைத்துவந்து டிரைவர் சீட்டில் உட்காரவைத்தோம். நாலு மாதத்துக்குப் பிறகு அங்கே உட்காருகிறார். முதலில் கண்ணாடியைச் சரிசெய்தார், நடுக்கண்ணாடியை. அப்புறம் இடதுகை தானாகக் கீழே வந்தது. பார்க்கவே இல்லை, பார்வை ரோட்டில் இருந்தது. விரல் போய்ப் போய் வந்தது. இப்போது தயக்கம் இல்லை. அண்ணன் எண்ணி ஒரு சிகரெட் அட்டையில் எழுதினார். மறுபடி ஒரு தடவை செய்யச் சொன்னார். அதே நாலு எண்.

பிறகு நான் இதைப்பற்றி வாசித்துப் புரிந்துகொண்டது இவ்வளவுதான். பேச்சுக்கும் எண்ணைச் சொல்வதற்கும் வேண்டிய இடம் ஒன்று, கை பழகிய காரியம் தங்கியிருக்கும் இடம் வேறொன்று. நம் நாட்டில் வலதுபக்க ஸ்டியரிங். செட்டை இயக்குவது எப்போதும் இடதுகை. வாப்பாவின் மூளையில் அடிபட்டது வலதுகையும் பேச்சும். இடதுகை முழுசாக இருந்தது. இது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, ஜெர்மன் காராகவோ சவூதி லாரியாகவோ இருந்தால் நடந்திருக்காது. ஆனால் உம்மா எதையும் வாசிக்காமல் அதைச் சொன்னாள்.

அண்ணன் பேட்டரி வயரைக் கழற்றினார். செட் வெளியே வந்தது. இரண்டு நாள் வைத்துக்கொண்டார். வயர் ஆஷ்டிரே வழியாக வெளியே வரும்படி செய்தார், டேஷ்போர்டில் ஒரு ஓட்டைகூடப் போடவில்லை. கோடை செட்டின் தகரப்பெட்டி மேல் மார்க்கர் பேனாவால் எழுதிவைத்தார். ‘இனி யாருக்கும் மறக்காது’ என்றார். திரும்பப் பொருத்தி உயிர் கொடுத்தபோது கோடு கேட்டது. வாப்பாதான் அமுக்கினார். அண்ணன் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றார்.

ஐபாடுக்குச் சார்ஜ் ஏற்ற லைட்டர் குழியில் செருகியபோது மட்டும் ஒரு கீச்சொலி, ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க உயர்ந்தது. எர்த் இரண்டு வழியாகப் போவதால் வருவது, ஆல்டர்னேட்டரின் பாட்டு. நடுவில் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் போட்டு அதையும் அடக்கினார். மொத்தம் 650 ரூபாய் வாங்கினார். ரெசிஸ்டர், வயர் விலை போக மிச்சம் எவ்வளவு இருந்திருக்கும் என்று எனக்கு இன்றும் வெட்கம்தான்.

ஊமைக் கேசட் வேண்டும் அல்லவா. 2009இல் வெறும் கேசட் எங்கே கிடைக்கும்? புதுக்கடையில் கேட்டேன், சிரித்தார்கள். உம்மாவிடம் சொன்னபோது டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். வாப்பாவின் கேசட்டுகள் முழுவதும், துணியில் சுற்றி, வசம்பும் வேப்பிலையும் போட்டு. ஹனிபாவைத் தின்ற கடல்காற்று இவற்றைத் தொடவில்லை.

எனக்கு ஒரு யோசனை வந்தது. ‘உம்மா, இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி ஐபாட்ல போட்டா என்ன? வாப்பாவுக்க சொந்தக் குரல்லா? அவிய பேசினதை அவிய கேட்டா...’

‘வேண்டாம்.’

‘டாக்டரம்மாட்ட கேட்டுப் பாக்கட்டா?’

‘அது பிள்ளைகள் கேக்கதுக்குள்ளது இல்ல. டாக்டரம்மா கேக்கதுக்குள்ளதும் இல்ல.’

அதோடு முடிந்தது. அவள் சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். கிடைத்ததையெல்லாம் மின்னணுவாக்கிப் பாதுகாக்க வேண்டும் என்று துடிக்கிறவர்கள் நாம். யாருக்காகப் பேசப்பட்டது என்ற கேள்வியை அதற்குமுன் யாரும் கேட்பதில்லை.

பெட்டியின் அடியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துத் தந்தாள். 60 நிமிடக் கேசட். மேலே ஒட்டும் தாள்கூட உரிக்காமல் உறைக்குள் இருந்தது. ‘இதுல ஒண்ணும் இல்ல. கொண்டு போ.’ வாப்பா பதிலுக்கென்று கொடுத்தனுப்பிய வெறும் கேசட்டுகளில் ஒன்று. திரும்பிப் போகாதது. எந்த வருடம் என்று கேட்டேன். ‘நீ ரெண்டாம் கிளாஸ் படிக்கப்ப’ என்றாள். அப்படியானால் 1986.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஹனிபா குழித்துறைப் பாலத்தைத் தாண்டி, எல்லையைத் தாண்டி, ஒரு நகைக்கடை விளம்பரமும் இடையில் வராமல் திருவனந்தபுரம் வரை பாடினார். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் மட்டும் ‘ஸ்’ என்று ஓர் இரைச்சல், வெறும் நாடா ஓடும் சத்தம். முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை நாடா முடிந்து செட் மறுபக்கம் திரும்பும். ஹனிபா இரண்டு விநாடி வாயை மூடுவார், டக், மறுபடி பாடுவார். ஊரிலிருந்து கிளம்பினால் அந்த டக் ஏறக்குறையக் களியக்காவிளையில் விழும்.

உம்மா பின்னாலிருந்து பாடினாள். அவள் பாடி நாங்கள் கேட்டதே இல்லை. வாப்பா முதல் மூன்று வாரம் ஒன்றும் செய்யவில்லை, தொடையில் இடதுகையால் தாளம் போட்டதைத் தவிர. நான்காவது வாரமோ ஐந்தாவது வாரமோ, பாலராமபுரம் தறிக்கடைகளைத் தாண்டும்போது, ஒரு வரியின் கடைசிச் சொல் வாப்பாவின் வாயிலிருந்து வந்தது. ஹனிபா முடித்து அரைவிநாடி கழித்து, கரகரப்பாக, ஆனால் முழுச் சொல்லாக. உம்மா பாட்டை நிறுத்தவில்லை. நான் வண்டியை நிறுத்தப் போனேன், கண்ணாடியில் உம்மா கண்ணால் ‘ஓட்டு’ என்றாள்.

அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வருடப் பயிற்சிக்குப் பிறகு பாட்டில் பல வரிகள் வந்தன, பேச்சில் இருபது, இருபத்தைந்து சொற்கள். தண்ணி, போரும், உம்மாவின் பெயர், பைய போ. கடைசிச் சொற்றொடர் முழுக்க எனக்காக, நான் வண்டியை வேகமாக ஓட்டும்போது. பயிற்சி தந்த பெண் இதை நல்ல முன்னேற்றம் என்று எழுதினாள். காக்கா லீவில் வந்தபோது வாப்பா அவனை அவன் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, ‘அது’ என்றுதான் கூப்பிட்டார். அவன் இரவு மாடியில் போய் நின்றான்.

வாப்பா 2014இல் மௌத்தானார். கார் மறு வருடம் கருங்கல்காரர் ஒருவருக்குப் போனது. விலை பேசும்போதே செட் வராது என்று சொல்லிவிட்டேன். அண்ணன்தான் வந்து கழற்றித் தந்தார், அந்த இடத்தை ஒரு பிளாஸ்டிக் தகட்டால் மூடினார். வாங்கியவர் அதற்காக இரண்டாயிரம் குறைத்துக்கொண்டார்.

செட்டை அலமாரியில் வைக்கப்போகும்போது உம்மா கேட்டாள். ‘அதுக்குள்ள எனக்க கேசட் ஒண்ணு கெடக்குல்லா?’

உள்ளேதான் இருந்தது. மின்சாரம் இல்லாமல் வெளியே வராது. மறுநாள் ஒரு பழைய பேட்டரியில் மாட்டி, தகரத்தின் மேலிருந்த எண்ணைப் பார்த்து அமுக்கி, வெளியே எடுத்துக் கொடுத்தேன். ஐந்து வருடம் ஓடி ஓடி அதன் ஜன்னல் தேய்ந்து மங்கியிருந்தது. உம்மா முந்தானையால் துடைத்தாள்.

‘அந்தத் தடவை ஏன் உம்மா ஒண்ணும் பேசி அனுப்பல்ல?’

‘ஆறு மாசத்துல வாறேண்ணு சொல்லிட்டு இன்னும் ரெண்டு வருஷம் எழுதிக் கொடுத்துட்டாவ’ என்றாள். ‘நான் என்னத்தப் பேச?’

கேசட்டைத் துணியில் சுற்றிப் பெட்டியில் மற்றவற்றோடு வைத்துவிட்டு, வேப்பிலை பழசாகிவிட்டது, பறித்துக்கொண்டு வா என்று என்னை வெளியே அனுப்பினாள்.